இலையும் பொட்டலமும்: 'கூட்டம்' என்கிற உடல் பற்றிச் சில குறிப்புகள்

1

தமிழ்ச் சினிமாவைப் பற்றி நாம் பேசாத பேச்சில்லை. நட்சத்திரத்தின் உடலைப் பற்றிப் பேசியாயிற்று. கட்அவுட்டுக்குப் பால் ஊற்றும் ரசிகனின் உடலைப் பற்றியும் பேசியாயிற்று. 1981இல் கா. சிவத்தம்பி தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்பு ஊடகமாக வாசித்துக் காட்டினார். அதே ஆண்டில் தியடோர் பாஸ்கரன், தேசிய இயக்கக் காலத்து நாடக மேடைக்கும் திரைக்கும் இருந்த உறவை ஆவணங்களோடு எழுதினார். 1992இல் எம்.எஸ்.எஸ். பாண்டியனின் எம்.ஜி.ஆர். பற்றிய நூல் வந்தது. ஏழைகளின் ஒப்புதலை ஒரு திரைப்பிம்பம் எப்படிச் சம்பாதித்துக் கொண்டது என்று அது கேட்டது. புனைவில் ஜெயகாந்தன் 'சினிமாவுக்குப் போன சித்தாளு' எழுதினார். அதுவும் பார்ப்பவர் பற்றிய கதைதான்.

பார்க்கப்படுபவர், பார்ப்பவர் என்ற இந்த இரட்டையை வைத்துக்கொண்டே நமது திரைப்பட விமர்சனம் முப்பது, நாற்பது வருஷம் ஓட்டிவிட்டது. இந்த இரட்டைக்குள் அடங்காத மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். அவர் திரையில் இருக்கிறார், ஆனால் பார்க்கப்படுவதில்லை. பார்க்கப்பட்டால் அந்த ஷாட் கெட்டுப் போய்விடும். கதாநாயகி கோயிலுக்குள் போகும்போது பின்னால் தேங்காய்த் தட்டோடு நடப்பவர், கல்யாணத்தில் அட்சதை போடுபவர், கலவரத்தில் ஓடுபவர், ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். அவரைப் பற்றி எழுத நமக்கு ஏன் கை வரவில்லை என்பது ஒரு கேள்வி. அவருக்கு மத்தியானம் என்ன சாப்பாடு போடுகிறார்கள் என்பது அதற்குள் இருக்கும் இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் இரண்டாவதில் இருக்கிறது என்பது என் எண்ணம். 'கோட்பாடு பேச வந்தவன் சோற்றைப் பற்றிப் பேசுகிறானே' என்று தோழர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். சோறு பேசாத கோட்பாடு நமக்கு எதற்கு?

2

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டு வேலை இல்லாமல் சாலிகிராமத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் கிடந்த காலம் உண்டு. 2014 என்று நினைவு. பக்கத்து அறைக்காரர் ஒருவருக்கு ஜூனியர் ஆர்டிஸ்ட் ஏஜெண்ட் ஒருவரைத் தெரியும். ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புவார். யூனியன் கார்டு இல்லாத என்னைப் போன்றவர்கள் அப்படித்தான் போனோம். மொத்தம் நாலு நாள் போயிருப்பேன். அந்த நாலு நாளில் ஒரு நாளைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன். எந்தப் படம், எந்தக் கம்பெனி என்பதெல்லாம் இதற்குத் தேவையில்லை. இது ஒரு கம்பெனியின் கதையாக இருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன்.

கல்யாணப் பந்திக் காட்சி. விடிகாலை அஞ்சு மணிக்கு வேனில் ஏற்றினார்கள். ஏஜெண்ட் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி கண்ணாடியெல்லாம் போட்டிருக்கு, ரிச்சுல நிப்பாட்டிக்கலாம்" என்றார். 'ரிச்' என்றால் பணக்கார வீட்டு விருந்தாளி மாதிரி தெரிகிற முகம். முகத்தைப் பார்த்து வர்க்கம் பிரிப்பதில் அந்த ஆளுக்கு இருந்த வேகம் நம்முடைய எந்தச் சமூகவியலாளருக்கும் கிடையாது. நிறம், பல், தலைமுடி, செருப்பு எல்லாம் அரை நிமிஷத்தில் கணக்காகிவிடும். இந்தக் கணக்கில் சாதி சொல்லப்படுவதில்லை. சொல்லப்பட வேண்டிய தேவை இல்லாத அளவுக்கு அது கண்ணிலேயே உட்கார்ந்திருக்கிறது.

மண்டபத்தில் நாலு வரிசை இலை போட்டார்கள். நிஜமான இலை, நிஜமான சாப்பாடு. சோறு, சாம்பார், கூட்டு, பொரியல், அப்பளம், வடை, ஜாங்கிரி. எட்டு மணிக்கு எங்களை இலைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். உதவி இயக்குநர் ஒருவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார்: "யாரும் சாப்பிடக் கூடாது. சும்மா கையை மட்டும் இலையில வெச்சுப் பிசையுங்க. வாயை அசையுங்க. வடையைத் தொட்டா கன்டினியூட்டி போயிடும்." லைட்டிங் முடிய ஒரு மணி நேரம். கதாநாயகனின் அப்பா வந்து வாசலில் வசனம் பேச வேண்டும். அவர் பேசப் பேச நாங்கள் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும். மதியம் இரண்டரை வரை சாப்பிட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு பருக்கை உள்ளே போகவில்லை.

எனக்குப் பக்கத்து இலையில் ஓர் அம்மா. ஐம்பத்தைந்து வயதிருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருப்பவர். சாப்பிடாமல் சாப்பிடுவது எப்படி என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். "நாக்கைக் கன்னத்துல முட்டுக் குடு தம்பி. அப்பதான் வாய்க்குள்ள சோறு இருக்குற மாதிரி தெரியும். முழுங்குற மாதிரி தொண்டையை அசைச்சிராத, எச்சி ஊறி வயிறு பொரட்டும்." நடிப்புக்கலை பற்றி நான் படித்த எந்தப் புத்தகத்திலும் இதைவிடத் துல்லியமான குறிப்பு இல்லை. பசியோடு இருக்கும் உடல், பசியாறிக்கொண்டிருக்கும் உடலாக நடிக்க வேண்டும். பசியை நடித்தவருக்குத் தேசிய விருது கிடைத்ததுண்டு. துரையின் 'பசி' (1979) படத்துக்காக ஷோபா வாங்கினார். தகுதியான விருதுதான். பசியோடு பசியின்மையை நடித்ததற்கு, ஏஜெண்ட் பங்கு போக, எங்கள் கைக்கு வந்தது தலைக்கு 350 ரூபாய்.

மூன்று மணிக்குச் சாப்பாட்டு இடைவேளை. கதாநாயகனுக்கும் கதாநாயகிக்கும் கேரவனுக்குக் கேரியர் போயிற்று. டைரக்டர், கேமராமேன் வகையறாவுக்கு நிழலில் மேசை நாற்காலி, பரிமாற ஆள். லைட்மேன் முதற்கொண்டு மற்ற தொழிலாளர்களுக்கு ஷாமியானாவின் கீழ் பெரிய பாத்திரங்களில் சோறு, குழம்பு, கோழி, அவரவரே போட்டுக்கொள்ள வேண்டும். கூட்டத்துக்கு மண்டபத்தின் பின்பக்கம், ஜெனரேட்டர் வண்டிக்குப் பக்கத்தில், வரிசையில் நின்று வாங்கிக்கொள்ளும் பொட்டலம். ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம். உட்கார இடம் கிடையாது. உள்ளே நாலு வரிசை இலை சாப்பாடு ஆறிப்போய்க் கிடக்கிறது. சாயங்காலமும் அதே காட்சி தொடர்வதால் அதைக் காக்க ஓர் ஆள் உட்கார வைக்கப்பட்டிருந்தார்.

3

அந்த இலைச் சாப்பாட்டுக்கும் இந்தப் பொட்டலத்துக்கும் இடையில் இருபதடி தூரம் இருந்திருக்கும். இந்த இருபதடியைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

முதலில் பெயர். 'எக்ஸ்ட்ரா' என்பது பழைய பெயர். மிச்சம், மேல்மிச்சம் என்று பொருள். அது இழிவாக இருக்கிறது என்று 'ஜூனியர் ஆர்டிஸ்ட்' ஆயிற்று. அறுபது வயதிலும் ஜூனியர்தான். பத்திரிகைத் தமிழில் 'துணை நடிகர்', 'துணை நடிகை'. இதில் 'துணை நடிகை' என்ற சொல் செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் போலீஸ் செய்தியில்தான் வரும். சினிமாப் பக்கத்தில் இடமில்லாத ஒரு பெண், குற்றப் பக்கத்தில் மட்டும் சினிமாக்காரியாக அடையாளம் பெறுகிறாள். படப்பிடிப்புத் தளத்தில் புழங்கும் பெயர் இன்னொன்று: 'அட்மாஸ்பியர்'. "அட்மாஸ்பியர் எத்தனை பேர் வந்திருக்கு?" என்று கேட்பார்கள். வந்திருக்காங்க இல்லை, வந்திருக்கு. காற்றுக்கு யாராவது சோறு போடுவார்களா?

தமிழ் படித்தவன் என்பதால் எனக்கு இன்னொரு பெயர் தோன்றுகிறது. தொல்காப்பியர் இடையியலில் இடைச்சொற்களை வகைப்படுத்தும்போது அசைநிலை, இசைநிறை என்று சிலவற்றைச் சொல்கிறார். அவற்றுக்குத் தனிப் பொருள் இல்லை. செய்யுளின் ஓசை குறையாமல் நிரப்புவதும் சொல்லோடு சார்ந்து நிற்பதும்தான் வேலை. உரையெழுதும்போது 'அசை' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். வகுப்பில் ஆசிரியர் அப்படித்தான் போனார், நானும் பரிட்சையில் அப்படித்தான் போனேன். கூட்டமாக நிற்பவர் சினிமா இலக்கணத்தின் அசைநிலை. அவரை எடுத்துவிட்டால் கதையின் பொருள் கெடாது. ஆனால் ஓசை தட்டிவிடும். கூட்டமில்லாத தலைவன் தலைவனாகத் தெரிய மாட்டான். பந்தியில்லாத கல்யாணம் கல்யாணமாகத் தெரியாது. நாயகத்தன்மை என்கிற பொருள் இந்தப் பொருளற்றவர்களின் எண்ணிக்கையால்தான் உற்பத்தி செய்யப்படுகிறது.

எண்ணிக்கையைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளச் சினிமா ஒருபோதும் தயங்கியதில்லை. 'சந்திரலேகா' (1948) முரசு நடனத்தில் நூற்றுக்கணக்கானோர் ஆடினார்கள் என்று எழுபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அட்டன்பரோவின் 'காந்தி' (1982) படத்தின் இறுதி ஊர்வலக் காட்சியை 1981 ஜனவரி 31இல் டெல்லியில் எடுத்தார்கள். சுமார் 3 லட்சம் பேர் வந்தார்கள், பெரும்பாலோர் கூலி இல்லாமல் வந்தவர்கள் என்பது உலக சாதனையாகவே பதிவாகிவிட்டது. எண்ணிக்கை வரலாற்றில் ஏறும், ஆட்கள் ஏற மாட்டார்கள். நாம் பேசும் 'விளிம்பு' என்பது எங்கோ தூரத்தில் இருப்பதல்ல. பிரேமின் நட்டநடுவில், போகஸ் இல்லாமல், கதாநாயகனின் தோளுக்குப் பின்னால் இருக்கிறது.

4

இந்த விஷயத்தைச் சினிமாவே ஒரு முறை நேருக்கு நேர் பார்த்திருக்கிறது. இத்தாலிய இயக்குநர் பசோலினி 1963இல் எடுத்த 'லா ரிக்கோட்டா' என்ற குறும்படம். ரோசலினி, கொதார், கிரெகொரெத்தி ஆகியோரின் படங்களோடு சேர்த்து 'ரொகோபாக்' என்ற தொகுப்பில் வெளிவந்தது. நீளம் அரை மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நமது திரைப்படச் சங்கங்களில் பசோலினி என்றால் வேறு படங்களைப் போடுவார்கள். இதை அதிகம் போடுவதில்லை.

ரோம் நகருக்கு வெளியே ஒரு பொட்டலில் ஏசுவின் சிலுவைப்பாடு பற்றிய படம் எடுக்கிறார்கள். ஏசுவோடு சிலுவையில் அறையப்பட்ட நல்ல கள்வனாக நடிக்க வந்திருக்கும் துணை நடிகன் பெயர் ஸ்திராச்சி. இத்தாலிய மொழியில் 'கந்தல்' என்று பொருள். மத்தியானச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கிறார்கள். அதைத் தளத்துக்குத் தேடிவந்த பெண்டாட்டி பிள்ளைகளிடம் கொடுத்துவிடுகிறான். தன் வயிற்றுக்குப் பெண் வேஷம் போட்டு, தலையில் டோப்பா வைத்து, இரண்டாவது பொட்டலம் ஒன்றை வாங்கி வந்து குகைக்குள் ஒளித்து வைக்கிறான். ஷாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். திரும்பி வருவதற்குள் கதாநாயகியின் நாய் அதைத் தின்றுவிடுகிறது. பேட்டி எடுக்க வந்த பத்திரிகையாளனிடம் அந்த நாயை விற்று, அந்தக் காசில் பாலாடைக் கட்டியும் ரொட்டியும் வாங்கித் தின்கிறான். அவன் தின்பதைப் பார்த்துவிட்ட படப்பிடிப்புக் குழுவினர் சுற்றி நின்று சிரிக்கிறார்கள். கடைசி இராப்போசனக் காட்சிக்காக வைத்திருந்த சாப்பாட்டையெல்லாம் கொண்டுவந்து அவன் முன் போட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். பிறகு தயாரிப்பாளரும் விருந்தினர்களும் வந்து நிற்க, சிலுவையில் ஏற்றப்பட்ட ஸ்திராச்சி தன் ஒரே வசனத்தைச் சொல்லாமல் செத்துப் போகிறான். பட்டினி கிடந்தவன் அஜீரணத்தில் சாகிறான்.

இத்தாலிய நீதிமன்றம் இந்தப் படத்தை அரச மதத்துக்கு அவமதிப்பு என்று சொல்லி பசோலினிக்கு நாலு மாதத் தண்டனை விதித்தது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு மேல்முறையீட்டில் விலகியது. யார் அவமதிக்கப்பட்டதாக நீதிமன்றம் நினைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். கிறிஸ்து, தேவாலயம், ஓவிய மரபு எல்லாம் கணக்கில் வந்தன. பசித்தவன் வரவில்லை.

இதில் நான் வாசிக்க விரும்புவது இரண்டு இடங்களை. ஒன்று, சாப்பாட்டு மேசை. காட்சிக்கான சாப்பாடும் வயிற்றுக்கான சாப்பாடும் அந்தப் படத்தில் ஆரம்பத்திலிருந்தே தனித்தனி. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளையில் இருக்க, பழங்களும் ரொட்டியும் நிறைந்த மேசையும் மறுமலர்ச்சிக்குப் பிற்பட்ட ஓவியங்களைப் போல நிறுத்திவைத்த சிலுவையிறக்கக் காட்சிகளும் மட்டும் வண்ணத்தில் வருகின்றன. அழகு வண்ணத்தில், பசி கறுப்பு வெள்ளையில். காட்சிச் சாப்பாடு ஸ்திராச்சிக்குக் கடைசியில் கிடைக்கிறது, ஆனால் அவனே காட்சியாக மாறிய பிறகு. எங்கள் மண்டபத்து இலைகளும் அதே வண்ணத்தைச் சேர்ந்தவை.

இரண்டாவது இடம் எனக்குக் கொஞ்சம் சங்கடமானது. படத்துக்குள் வரும் இயக்குநராக நடித்தவர் ஆர்சன் வெல்ஸ். அவர் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையாளனுக்குக் கவிதை வாசித்துக் காட்டுகிறார். அந்தக் கவிதை பசோலினி எழுதியது. தன்னைத் தான் பசித்தவனின் பக்கம் நிறுத்திக்கொள்வது பசோலினிக்கு எளிது. அவர் மார்க்சியவாதி, சேரி மக்களைப் பற்றி எழுதியவர். அப்படிச் செய்யாமல் தன் கவிதையை நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆளின் கையில் கொடுத்துவிட்டார். அந்த ஆள் இடதுசாரி மாதிரி பேசுகிறான், ரசனையுள்ளவன், முதலாளித்துவத்தைத் திட்டுகிறான். அவன் கண் முன்னால்தான் ஸ்திராச்சி சாகிறான்.

5

அன்றைக்கு மூன்று மணிக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை நகர்த்த முடியாது.

பொட்டல வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். உதவி இயக்குநர்களில் ஒருவர் சிறுபத்திரிகை படிப்பவர். காலையில் என் பையில் ஒரு புத்தகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுத்திருந்தார். வரிசையில் என்னைப் பார்த்ததும், "நீங்க ஏன் இங்க நிக்கிறீங்க, வாங்க நம்ம கூட" என்று கையைப் பிடித்து ஷாமியானாவுக்கு அழைத்துப் போனார். போனேன். கோழிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டேன். சாப்பிடும்போது இருவரும் சினிமாவில் யதார்த்தவாதம் பற்றிப் பேசினோம்.

சாப்பிட்டுவிட்டு வரும்போது பின்பக்கம் சத்தம். அந்த அம்மா பொட்டலத்தைப் பிரிக்காமல் பையில் வைத்திருக்கிறார். தயாரிப்பு ஆள் ஒருவர், "பார்சல் கிடையாதும்மா. இங்கியே சாப்பிட்டுட்டுப் போ. ஆளாளுக்கு ரெண்டு ரெண்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போனா கணக்கு யாரு சொல்றது?" என்கிறார். "ஒண்ணுதான் வாங்கினேன் சார். ராத்திரிக்குப் பேரனுக்கு" என்கிறார் அந்த அம்மா. பையைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பொட்டலத்தோடு ஒரு ஜாங்கிரியும் இருந்தது. இலையில் இருந்தது. கன்டினியூட்டி ஜாங்கிரி. அவரை மறுபடி கூப்பிட வேண்டாம் என்று ஏஜெண்டிடம் சொல்லிவிட்டார்கள். என்னைப் பார்த்தார். நான் பேசவில்லை. என்ன பேசுவது? கையில் குழம்பு வாசனை இருந்தது.

ஸ்திராச்சியின் கதையை நான் பார்த்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. பார்த்தபோது என் இடம் எது என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. நாற்காலிக்குப் பக்கத்து இடம்.

சிறுபாணாற்றுப்படையில் ஒரு காட்சி உண்டு. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, பிறர் பார்த்துவிடுவார்களோ என்று வெட்கப்பட்டுக் கதவை அடைத்துவிட்டுத் தன் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறாள். கலைஞர் குடும்பத்தின் பசி தமிழில் பதிவான மிகப் பழைய இடங்களில் இது ஒன்று. அந்தப் பெண்ணுக்குச் சாத்திக்கொள்ள ஒரு கதவாவது இருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் கதவு கேரவனுக்கு மட்டும்தான். கூட்டம் சாப்பிடுவது எல்லாருக்கும் தெரியும்படியான இடத்தில்தான் நடக்கிறது. பையும்கூடத் திறந்து காட்டப்பட வேண்டியது.

6

ஆற்றுப்படை இலக்கியம் அந்தப் பசிக்குச் சொல்லும் தீர்வு நமக்குத் தெரியும். வள்ளலிடம் போ, அவன் உனக்குப் போடுவான். பொருநராற்றுப்படையில் இரவும் பகலும் இறைச்சி தின்று பல் மழுங்கிப் போனதை உழுது தேய்ந்த கொழுவோடு ஒப்பிடும் அளவுக்குப் போடுகிறான். இந்த வள்ளல் கதையாடல் இரண்டாயிரம் வருஷமாக நம்மோடு வருகிறது. எம்.ஜி.ஆர். தன் படப்பிடிப்பில் எல்லாருக்கும் வயிறார உணவு போடச் சொல்வார் என்பது கோடம்பாக்கத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. 1982இல் அவர் முதலமைச்சராகச் சத்துணவுத் திட்டத்தைக் கொண்டுவந்தபோது அந்தக் கதையும் திட்டமும் ஒன்றாகக் கலந்துவிட்டன. விஜயகாந்த் 2023 டிசம்பர் 28இல் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் திரும்பத் திரும்ப வந்த வாசகம், தான் சாப்பிடுவதையே லைட்மேனுக்கும் கடைசித் துணை நடிகருக்கும் போட வைத்தார் என்பது. அதைச் சொல்லி அழுதவர்களின் கண்ணீர் உண்மையானது. அந்தச் சோற்றைச் சாப்பிட்டவர்கள் அவர்கள். அதைக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை.

ஆனால் விமர்சனம் இங்கே ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். ஒரே சாப்பாடு போட்டார் என்பது ஒரு மனிதரின் மகத்துவமாக நினைவில் நிற்கிறது என்றால், ஒரே சாப்பாடு போடாததுதான் அந்தத் தொழிலின் வழக்கம் என்று பொருள். வள்ளல் புகழப்படும் ஒவ்வொரு முறையும் வழக்கம் மௌனமாக ஒப்புக்கொள்ளப்படுகிறது. உரிமையாகக் கேட்க வேண்டியது கருணையாக வந்து சேர்கிறது. வள்ளல் போனதும் கருணையும் போய்விடும், வரிசையும் ஜெனரேட்டர் வண்டியும் இருக்கும்.

பந்தி என்பது நம் அரசியலில் சின்ன விஷயமாக ஒருபோதும் இருந்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்குத் தனியாகச் சாப்பாடு போட்ட விவகாரம் 1924-25இல் தமிழ்நாட்டுக் காங்கிரசை உலுக்கியது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் அதைக் கொள்கைப் பிரச்சினையாக எடுத்தார்கள். ரெண்டு பையன்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் என்ன என்று அன்றைக்கும் கேட்டவர்கள் உண்டு. எங்கே உட்கார்ந்து என்பதுதான் அரசியல். நூறு வருஷம் கழித்து நம் திரைகளில் கல்யாணப் பந்தி தமிழ்ப் பண்பாட்டின் படமாக ஓடுகிறது. ஊரே ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவதாகக் காட்டும் அந்தப் படத்தை எடுக்கும் இடத்தில் நாலு பந்தி நடக்கிறது. திரையில் சமபந்தி, திரைக்குப் பின்னால் தனிப்பந்தி. சாதியின் பெயரால் பிரித்தால் இன்றைக்குக் கேட்க ஆளிருக்கிறது. 'யூனிட்', 'ஆர்டிஸ்ட்', 'கூட்டம்' என்று தொழில் பெயரால் பிரித்தால் அது நிர்வாகம் ஆகிவிடுகிறது.

வள்ளல் மரபுக்கு வெளியே இன்னொரு மரபும் கோடம்பாக்கத்துக்கு உண்டு. அதை நாம் மறந்துவிட்டோம். 'பாதை தெரியுது பார்' (1960) எடுத்த நிமாய் கோஷும் அந்தப் படத்தின் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனும் இங்கே சினிமாத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியவர்கள். இருவரும் இடதுசாரிகள். ஒரு காமிராக்காரரும் ஓர் இசையமைப்பாளரும் கூலி பற்றியும் வேலை நேரம் பற்றியும் பேசினார்கள் என்பது நமது கலை வரலாறுகளில் அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. இன்றைக்குப் பேட்டா, கால்ஷீட் கணக்கு, கூடுதல் நேரக் கூலி என்று தொழிலாளருக்கு எதெல்லாம் உண்டோ, அது எந்த வள்ளலும் போட்டதல்ல. சங்கம் கேட்டு வாங்கியது. ஷாமியானாவின் கீழ் நான் தின்ற கோழிக் குழம்பும் அப்படிக் கேட்டு வாங்கிய மரியாதையில் சேர்ந்ததுதான். பொட்டல வரிசைக்கு அது முழுதாக வந்து சேரவில்லை. காரணம் ஏஜெண்ட். கூட்டத்துக்கும் கம்பெனிக்கும் நடுவில் அவர் நிற்பதால், யாரிடம் கேட்பது என்பதே தெரியாது. கம்பெனியைக் கேட்டால் ஏஜெண்டைக் காட்டும், ஏஜெண்டைக் கேட்டால் நாளைக்கு வேன் வராது. கார்டு இல்லாமல் வருகிற என் மாதிரி ஆட்கள், கார்டு உள்ளவர்களின் பேரத்தையும் சேர்த்துக் கெடுத்தோம் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் படப்பிடிப்புகள் நின்றபோது, தொழிலாளர் சம்மேளனம் உறுப்பினர்களின் அடுப்பெரிய நட்சத்திரங்களிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது. அரிசி வந்தது. மறுபடியும் வள்ளல்கள் வந்தார்கள். கூலியிலிருந்து மீத்து வைக்க ஏதுமில்லாத ஒரு தொழில் எத்தனை நாள் தாங்கும் என்பது அப்போது தெரிந்தது.

ஐசன்ஸ்டீனின் 'போர்க்கப்பல் பொடம்கின்' (1925) படத்தில் கலகம் எதிலிருந்து தொடங்குகிறது என்று நமக்கெல்லாம் தெரியும். புழு நெளியும் இறைச்சி. கப்பல் மருத்துவர் கண்ணாடியை வைத்துப் பார்த்துவிட்டு, கழுவிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார். மாலுமிகள் அந்தச் சூப்பைக் குடிக்க மறுக்கிறார்கள். இந்தக் காட்சியைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். மான்டாஜ் பற்றிப் பேசினேன். அந்தக் கூட்டத்தில் மத்தியானம் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து இறக்கி வைத்து, நாங்கள் சாப்பிட்டு முடிக்கும் வரை வாசலில் நின்று, பிறகு இலை எடுத்த இரண்டு பேர் சாப்பிட்டார்களா என்று நான் கேட்கவில்லை.

அசைநிலைக்குப் பொருள் இல்லை என்று நமக்கு யார் சொன்னது? உரையாசிரியர்கள் சொன்னார்கள். உரை எழுதும் வேலை இப்போது நம் கையில் இருக்கிறது. அடுத்த முறை ஒரு கல்யாணப் பந்திக் காட்சி வந்தால் வசனம் பேசுகிறவரை விட்டுவிட்டு, பின்வரிசையில் வாய் அசைகிறவர்களைப் பாருங்கள். தொண்டை அசைகிறதா என்று பாருங்கள். நான் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்தேன். அந்தக் காட்சி ஒரு நிமிஷத்துக்கும் குறைவாகத்தான் வருகிறது. என் தோள் மட்டும் தெரிகிறது. பக்கத்து இலைக்காரர் தெரிகிறார், கொஞ்சம் மங்கலாக. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.